கிள்ளானிலிருந்து ஒரகடத்துக்கு எத்தனை மணி நேரம்

1

2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். 5.10க்கு என் கணவர் குணாவை மறைமலை நகர் கம்பெனி பஸ் தெருமுனையில் ஏற்றிக்கொண்டது. அவருக்கு இந்த வாரம் முதல் ஷிஃப்ட். 6.15க்குத் தண்ணீர் மோட்டார் போட்டு 6.40க்கு நிறுத்தினேன். பசியாறலுக்கு இட்லி, முந்தின நாள் சாம்பார். 7.25க்கு மகள் யாழினி பள்ளி வேனில் ஏறினாள். அதன் பிறகு வீட்டின் சின்ன அறையைத் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். நாட்குறிப்பில் அன்றைய முதல் வரியாக, பத்து நாள் முன்பே எழுதி வைத்திருந்தது இது: அப்பா, புறப்பாடு 8.40, வருகை 12.40, பயணம் 4 மணி. பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக்.

மலேசியாவில், நான் வளர்ந்த கிள்ளானில் இருக்கிறவர்கள் இந்த ஊர் எங்கே என்று கேட்டால், சென்னைக்குத் தென்மேற்கே, கார்களையும் கார்களின் உள்பாகங்களையும் செய்கிற வட்டாரம் என்பேன். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் வரை சாலையின் இரு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள். சுவர்களுக்குப் பின்னால் ஊர்கள். அப்படி ஓர் ஊரில், முனுசாமி அண்ணன் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். இந்த மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது.

என் வேலை ஒரகடத்தில், உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் திட்டப் பிரிவில். கப்பலில் வரும் பாகங்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு உற்பத்தி லைனுக்கு வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புறப்படும் நேரம், சேரும் நேரம், பயண நேரம் மூன்றையும் எழுதுவோம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மூன்றாவது வர வேண்டும். வந்தால் டிக். டிக் விழுந்த வரியை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. எங்கிருந்து கப்பல் கிளம்பினாலும் எங்கள் தாளில் எல்லாமே இந்திய நேரம்தான், ஆகவே கழித்தல் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

2

அப்பா ஏன் வருகிறார் என்று சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. கிள்ளான் துறைமுகத்தில் இறக்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு மூன்று வருடமாக என் தம்பி சுரேனோடு இருக்கிறார். சுரேனுக்கு ஏப்ரல் மாதத்திலிருந்து போர்னியோ தீவில் இருக்கிற மீரிக்கு மாற்றல். கிள்ளான் வீட்டை வாடகைக்கு விட வேண்டும். அப்பா மீரிக்குப் போவதா, இங்கே வருவதா என்பதுதான் தீபாவளியிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சு.

"மீரி நம்ம நாடு. உன் ஊருக்கு வரணும்னா கடலத் தாண்டணும்," என்பார் அப்பா.

"மீரிக்கும் கடலத் தாண்டணும்பா. அங்கயும் குடிநுழைவுல அட்டையக் காட்டணும்."

"அது வேற கடல்."

இந்தப் பேச்சு எத்தனை முறை நடந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் வருவார், பதினான்கு நாள் இருப்பார், 27ஆம் தேதி திரும்புவார். ஊர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கக் கூடாது. திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே சுரேன் எடுத்துவிட்டான்.

அந்தப் பதினான்கு நாளில் ஒன்றுகூடக் கோணலாகப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. முதல் நாளே கோணலானதற்கு நானே காரணம்.

3

இங்கே வந்த புதிதில் எல்லோரும் கேட்ட கேள்வி, உங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்பது. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் சுமார் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று சொல்வேன். கேட்டவர் முகத்தில் புரிந்த அடையாளம் தெரியாது. நாலு மணி நேரம் என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் அது வானத்தில் இருக்கிற நேரம் மட்டும். இதுவரை பதினான்கு முறை போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாசலிலிருந்து வாசல் வரை ஆன நேரத்தை எழுதியிருக்கிறேன். குறைந்தது ஒன்பது மணி ஐம்பது நிமிடம். அதிகம் பதினாறு மணி, அது மழைக்காலத்தில், முடிச்சூர் பக்கம் சாலையில் தண்ணீர் நின்ற அன்று. அம்மா இறந்தபோது பதினொரு மணி இருபது நிமிடம். அந்த வரியில் மட்டும் வேறு குறிப்பு எதுவும் எழுதவில்லை.

வரிகளைக் கூட்டிப் பார்த்தால் தெரிவது இதுதான். கடல் எப்போதும் நான்கு மணி நேரம்தான். மற்றதெல்லாம் வரிசை, படிவம், தாம்பரம் சிக்னல்.

முதல் வருடம் பேச்சில்தான் அதிகம் தடுக்கினேன். முனுசாமி அண்ணன் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க மாடிக்கு வந்தபோது, நம் ஊர் வழக்கப்படி, "உக்காருங்கண்ணே, தண்ணி கலக்கட்டுமா?" என்றேன். தேநீர் போடத்தான் கேட்டேன். அவர் கீழே பார்த்து, மேலே பார்த்து, "வேணாம்மா, நான் மாலை போட்டுகினு கீறேன்," என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். அவர் மனைவி சரோஜா அக்கா மறுநாள் வந்து விசாரித்த பிறகுதான் இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அக்காவுக்கு டீ வேண்டுமென்றால், மாடிப்படியில் நின்று, "பார்வதி, ஒரு தண்ணி கலக்கேன்," என்றுதான் குரல் கொடுப்பார்.

4

பத்து நாள் முன்பு சுரேன் குரல்பதிவு அனுப்பியிருந்தான். "அக்கா, அப்பா ஃப்ளைட் எட்டு நாப்பது. பன்னெண்டு நாப்பதுக்கு எறங்கிருவாரு. அவர ஏத்திவிட்டுட்டு நானும் மீரிக்குப் போறேன், வீடு பாக்க. சாயங்காலம் பேசுறேன்." நான் எழுதினேன், கழித்தேன், நான்கு வந்தது. நான்கு மணி நேரப் பயணம் நான்கு என்று வந்ததும் மனம் நிறைந்து டிக் போட்டேன். டிக்கெட்டை அனுப்பச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று 11.20க்கு வீட்டைப் பூட்டி, சாவியைச் சரோஜா அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். காரை நானே ஓட்டினேன். படப்பையில் சந்தைக் கூட்டம், வண்டலூரில் வழக்கமான நெரிசல். 12.35க்கு விமான நிலைய வருகை வாசலில் நின்றேன். ஐந்து நிமிடம் மிச்சம் இருந்ததில் எனக்குத் திருப்தி.

ஒரு மணி ஆகப்போகும் வரை பலகையில் கோலாலம்பூர் என்ற பெயரே வரவில்லை. வாசலில் நின்ற காவலரிடம் கேட்டேன்.

"சார், கோலாலம்பூர் ஃப்ளைட் லேட்டா?"

"எது மேடம்?"

"எட்டு நாப்பதுக்குக் கெளம்புனது."

"அது காலைல பத்து மணிக்கே வந்துருச்சே. எல்லாரும் போயாச்சு."

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். டிக் அப்படியே இருந்தது. சுரேன் சொன்னது அவன் கைக்கடிகார நேரம். அங்கே 12.40 என்றால் இங்கே 10.10. பதினான்கு முறை பறந்தவள் நான். நம் ஊரிலிருந்து இங்கே வரும் டிக்கெட்டில் இரண்டு நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணிதான் தெரியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு வந்ததே தப்பு நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்துத்தான் சரி என்று டிக் போட்டிருக்கிறேன்.

அப்பாவின் கைப்பேசியில் நம் ஊர் சிம், இங்கே வேலை செய்யாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தனியாக விமானம் ஏறியது இதுதான் முதல் முறை. சுரேன் வானத்தில் இருந்தான். நாற்காலி வரிசைகள் எல்லாவற்றையும் ஒருமுறை நடந்து பார்த்தேன். பிறகு திரும்பவும் நடந்தேன். டாக்சி கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம், "வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, உயரமா ஒருத்தர்," என்றேன்.

"காலைலேர்ந்து அம்பது வெள்ளச் சட்ட பாத்துட்டேன்க்கா," என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

மீரியா ஒரகடமா என்ற பேச்சு இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முதல் நாளே வாசலில் தனியாக நிற்கவிட்ட மகள் வீட்டில் எந்த அப்பா தங்குவார்? அதைவிடவும், அவர் எங்கே போயிருப்பார் என்றே எனக்குத் தெரியவில்லை.

1.15க்குச் சரோஜா அக்கா அழைத்தார்.

"ஏம்மா பார்வதி, எங்க கீற?"

"ஏர்போர்ட்லக்கா."

"அங்க இன்னா பண்ற? உங்கப்பா இங்க உக்காந்துகினு மோரு குடிக்கிறாரு."

"அப்பாவா? நல்லா இருக்காராக்கா?"

"அவருக்கு இன்னா, ஜோராத்தான் கீறாரு. ரெண்டாவது டம்ளரு. பொண்ணு எங்க போச்சுன்னு நான் அவராண்ட கேட்டா, என்னைக் கூப்புட ஏர்போர்ட்டு போயிருக்கும்னு அவரு எனக்கு சொல்றாரு. நல்ல குடும்பம்மா."

அக்கா சிரித்தார். நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வண்டி நிறுத்தும் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

5

2.35க்கு வீடு சேர்ந்தேன். முனுசாமி அண்ணன் வீட்டு முன்புறம் இறக்கிய தகரக் கூரையின் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சோறு, கீரைக்கூட்டு, அப்பளம் எல்லாம் முடிந்திருந்தது. மாத்திரையும் போட்டாகிவிட்டது. காலடியில் பெட்டி, அதன் மேல் என் முகவரி எழுதிய அட்டை.

"மன்னிச்சிருங்கப்பா," என்றேன்.

"பசியாறியாச்சா நீ?"

"என் தப்புப்பா. நேரத்தத் தப்பா எழுதிட்டேன்."

"எங்க, காட்டு."

நாட்குறிப்பைக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருடம் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்தவர், கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார்.

"கழிச்சது சரியாத்தான் இருக்கு. ரெண்டு நாட்டுக் கடிகாரத்த ஒரே வரில எழுதிட்ட." நாட்குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு டிக் வேற."

முனுசாமி அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இம்மா நேரம் அங்க நின்னியே அண்ணாத்தே, பயமா இல்ல?"

"ஒரு மணி நேரம் நின்னேன். இவ அஞ்சு நிமிசம் பிந்தி வர்ற பிள்ள இல்ல. ஒரு மணி நேரம் வரலன்னா கணக்குலதான் தப்பு, பிள்ளை மேல இல்ல. சரி, நாமளே போவோம்னு காடி பிடிச்சிட்டேன்."

அவர் காடி என்றது காரை. அண்ணனுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, தலையை ஆட்டினார். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு அப்பா அந்த டாக்சி ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார். தென்காசிப் பக்கத்துப் பையன். மனைவியும் குழந்தையும் ஊரில். அவன் ஸ்ரீபெரும்புதூரில் நான்கு பேரோடு ஓர் அறையில்.

"ஊருக்குப் போக எவ்வளவு நேரம் தம்பின்னு கேட்டேன். பஸ்ஸுல பன்னெண்டு மணி நேரமாம். இந்தப் பொங்கலுக்கு டிக்கெட் கெடைக்காம, ரயில்ல கக்கூஸ் பக்கத்துல நின்னுக்கிட்டே போயிருக்கான். வருசத்துக்கு ரெண்டு தடவதான் போவானாம். அப்புறம் என்னைக் கேட்டான், நீங்க எத்தன மணி நேரம் வந்தியன்னு. நாலுன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'அப்பம் பக்கத்து ஊருதானா தாத்தா'ன்னான்."

அப்பா சிரிக்கவில்லை. சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கன்டெய்னர் லாரி ஒன்று மெதுவாகப் போனது. பழக்கம் விடவில்லை, கன்டெய்னரின் எண்ணை வாய்க்குள் படித்தார்.

6

நான்கரைக்கு யாழினி வந்தாள். புத்தகப் பையோடு ஓடி வந்து, "தாத்தா, ஃப்ளைட்ல இன்னா குடுத்தாங்க?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "இன்னாவா?"

"இவ இந்த ஊர்க்காரிப்பா."

"சுடா மாக்கான்?" என்று மலாயில், சாப்பிட்டாயா என்று பேத்தியைக் கேட்டார் அப்பா. கிள்ளானில் எந்தக் குழந்தையும் பதில் சொல்லியிருக்கும். இவள் விழித்தாள். "சூடா இன்னா வேணும் தாத்தா?"

சரோஜா அக்கா சிரித்தார், அப்பாவும் சிரித்தார். நான் வளர்ந்த மொழிகளில் ஒன்று என் மகளிடம் இல்லை. மூன்று வயதில் அவளுக்கு அதில் பத்து வரை எண்ணத் தெரியும். எப்போது மறந்தாள் என்று என் எந்த நாட்குறிப்பிலும் இல்லை. ஆனால் அவள் தாத்தாவின் கையைப் பிடித்துத் தெருவைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எங்க தாத்தா, மலேசியாலேர்ந்து வந்துகீறாரு," என்று சொன்னது மாடிவரை கேட்டது. அந்தத் தெருவில் ஒரு வீட்டைக்கூட அவள் விடவில்லை. அவளுக்கு ஓர் ஊர் இருக்கிறது. எனக்கு அது போதும்.

மாலையில் குணாவும் வந்துவிட்டார், எல்லோரும் கீழே உட்கார்ந்து டீ குடித்தோம். முனுசாமி அண்ணனுக்கு அன்றைய குழப்பம் இன்னும் தீரவில்லை.

"அண்ணாத்தே, எனுக்கு ஒன்னு சொல்லு. எட்டே முக்காலுக்குக் கெளம்பின, பத்தேகாலுக்கு எறங்கிட்ட. ஒன்ற மணி நேரம்தானே ஆவுது. நாலு மணி நேரம்னு ஏன் சொல்றாங்க?"

"இங்க கடிகாரம் ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுது. ஒன்றரையோட ரெண்டரையக் கூட்டு, நாலு வரும்."

"சரி. திரும்பிப் போறப்ப?"

"இங்க காலைல பதினோரு மணிக்கு ஏறுனா, அங்க எறங்கறப்ப சாயங்காலம் அஞ்சரை."

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "ஆறர மணி நேரம். அப்போ வர்றதுக்கு ஒன்ற, போறதுக்கு ஆறர."

"அப்படித் தெரியும்."

"அப்ப இங்க வர்றது சுளுவு. திரும்பிப் போறதுதான் பேஜாருன்னு சொல்லு."

குணா டீயைத் துப்பிவிட்டார். அப்பா, அம்மா இறந்த பிறகு நான் பார்க்காத ஒரு சிரிப்பு சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. "முப்பத்தஞ்சு வருசம் கணக்கு பாத்தேன், இப்படி ஒருத்தரும் எனக்குச் சொல்லல," என்றார்.

மாலையில் சுரேன் அழைத்தபோது நடந்ததை அவனிடம் சொன்னேன். தான் நேரத்தை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்றான். நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்தேன். மீரியில் பார்த்த வீட்டைப் பற்றிச் சுரேன் நெடுநேரம் சொன்னான். அப்பா ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். அங்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இன்னும் தெரியவில்லை என்று சுரேன் சொன்னது எனக்கும் கேட்டது. வேறு எதுவும் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம், ஆகவே நானும் கேட்கவில்லை.

7

14, வெள்ளிக்கிழமை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள ஒருவர் தங்க வந்தால், வீட்டுக்காரர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். காலை 6.20க்கு, மற்ற எந்த வேலைக்கும் முன்பாக, மடிக்கணினியோடு கீழே இறங்கினேன். முனுசாமி அண்ணன் குளித்து, சட்டை போட்டு, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அரசு அலுவலகத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரில்.

பெயர், தகப்பனார் பெயர், கடவுச்சீட்டு எண், எந்த நாட்டிலிருந்து, எந்த ஊரிலிருந்து. இந்த வீட்டுக்கு வந்த நேரம் என்ற இடத்தில் அப்பாவைப் பார்த்தேன்.

"மதியம் ஒன்னு அஞ்சு," என்றார் அப்பா. "இங்க உள்ள கடிகாரம்."

அடுத்த கட்டம், எத்தனை நாள் தங்குவார் என்பது. நான் 1 அடித்து, 4 அடிக்கப் போனேன்.

"விசாவுல எத்தன நாள் குடுத்திருக்கான்?"

"முப்பதுப்பா."

"அப்ப முப்பது போடு."

"டிக்கெட் இருபத்தேழாம் தேதிக்குல்ல இருக்கு?"

"அத மாத்தலாம்ல? சுரேன்ட்ட நான் பேசிக்கிறேன்."

1ஐ அழித்துவிட்டு 30 என்று அடித்தேன். அண்ணன் கைப்பேசிக்கு உறுதிப்படுத்தும் எண் வந்தது. அவர் அதை உரக்கப் படித்தார், நான் போட்டேன், படிவம் போய்விட்டது.

"வேல முடிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

"இன்னும் ஒன்னு இருக்கு," என்றார் அப்பா. என்னிடம் திரும்பினார். "வருசக்கணக்குல இருக்கிற மாதிரி விசாவுக்கு என்னென்ன காகிதம் கேப்பாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. அங்க போனதும் எல்லாத்தையும் எடுத்துடலாம். ஏப்ரலுக்குள்ள முடியுமா பாரு."

6.50க்கு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதலில், பிறப்புப் பத்திரம்.